பன்னிரண்டு அடிச் சோலையம்மாள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வில்லாபுரத்து வீட்டு அடுப்படியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்த சோலையம்மாளுக்கு அவளுடைய முகமே போனில் வந்து சேர்ந்தது. சாதாரண முகம் இல்லை. பன்னிரண்டு அடி உயரம். கல்லூரி அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கி, கன்னத்தை வெளுக்க வைத்து, தலைக்குப் பின்னால் சூரியன் உதிப்பதுபோல் மஞ்சள் கதிர் பாய்ச்சியிருந்தார்கள். நெற்றிக்கு மேலே 'எங்கள் மண்ணின் அறிவுச்சுடரே' என்று சிவப்பு எழுத்து. இரண்டு பக்கமும் கைகூப்பிய பங்காளிகள் ஆறு பேர். இடம், அவள் பிறந்த ஒத்தவேம்பட்டியின் ஊர் முகப்பு.

முதல் அரை நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன். சடங்கான பிள்ளைக்கும், காது குத்திய குழந்தைக்கும், ஜாமீனில் வெளியே வந்தவனுக்கும் ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில், படித்ததற்காக ஒரு பொம்பளைக்கு வைத்தது இதுதான் முதல் தடவை. பிறகுதான் படத்தில் அவளுடைய மோவாய்க்குக் கீழே ஏதோ சாம்பல் தூவினாற்போல் தெரிந்தது. பால் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தை அகட்டிப் பார்த்தாள். எழுத்து. பொடிப்பொடியாக முப்பது வரி இருக்கும். முதல் வரியைப் படித்ததுமே அடுத்த வரி என்ன என்று தெரிந்துவிட்டது. அவளே எழுதியதல்லவா.

பக்கத்தில் இருந்த காலி சிலிண்டர்மேல் உட்கார்ந்தாள்.

பயம் சோலையம்மாளுக்குப் புதிதில்லை. நாற்பத்தைந்து வயதுக்குள் அவள் சேர்த்த சொத்தில் பெரும்பங்கு அதுதான். ஒத்தவேம்பட்டியில் அவள் எட்டாவது படித்தபோது அவளுடைய அப்பா, "இந்த வருசம் முடியட்டும், அப்பறம் நிறுத்திருவோம்" என்றார். எட்டாவது முடிந்தது. ஒன்பதாவதிலும் அதையே சொன்னார். பத்தாவதிலும் சொன்னார். அவர் நல்லவரா, மறதிக்காரரா, முடிவெடுக்கச் சோம்பல்பட்டவரா என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. நிறுத்திருவோம், நிறுத்திருவோம் என்று சொல்லியே மகளை டாக்டர் பட்டம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அவர் போனாலும் அந்தச் சொல் போகவில்லை. கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் பாடம் நடத்தும்போது பியூன் வாசலில் வந்து நின்றால், போதும், நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என ஒரு கணம் தோன்றும். அவன் சர்க்குலரில் கையெழுத்து வாங்க வந்திருப்பான்.

இப்படிப்பட்டவள், படிப்பு நின்றுபோன பெண்பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யாமல் வேறு எதைப் பற்றிச் செய்வாள்?

பெங்களூரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. கல்வியில் ஆண்-பெண் சமத்துவம் பற்றி ஆராய்கிறவர்களில், பணிக்காலத்தின் பாதி வழியில் நிற்பவர்களுக்கென்றே ஒரு ஃபெலோஷிப் தருகிறார்கள். ஒரு வருஷம் கல்லூரிப் பக்கம் போகாமல் ஆராய்ச்சி மட்டும் செய்யலாம். ஆரம்பத்தில் நிற்கிறவர்களுக்கு ஆயிரம் திட்டம் உண்டு. ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பொன்னாடை உண்டு. நடுவில் நிற்கிறவர்களுக்கு, கல்லூரியைப் பார்வையிட யாராவது வரும்போது ஃபைல் தூக்குகிற வேலை மட்டும்தான் இதுவரை இருந்தது.

விண்ணப்பத்துக்குக் கல்லூரியின் தடையில்லாச் சான்று வேண்டும். அதைத் தரவேண்டியவர் பாலினச் சமத்துவக் குழுவின் ஒருங்கிணைப்பாளர், பேராசிரியர் ஹாலாஸ்யம். பேராசிரியைகள் யாருக்கும் நேரம் இல்லாததால் அந்தப் பாரத்தை அவர் சுமந்துகொண்டிருந்தார். அவர்களுக்கு ஏன் நேரம் இல்லை என்று குழு இதுவரை கூடிப் பேசியதில்லை. தங்கமான மனுஷர். பேனாவைத் திறந்தபின் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு வருஷம் ஊர் ஊரா அலைவேளே, வீட்டுல சாருக்குச் சாப்பாடு?" சார் என்பது சோலையம்மாளின் கணவன் நல்லகாமன். அவள் தேங்காய்ப்பால் பிழிந்தால் ஆப்பம் சுடுகிறவன் அவன்தான். அதைச் சொன்னால் ஹாலாஸ்யம் மனம் உடைந்துபோவார் என்று, சமாளித்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்தை வாங்கி வந்தாள்.

போன வாரம் கடிதம் வந்தது. கிடைத்துவிட்டது. முதல் பக்கத்தில் இங்கிலீஷில் வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில் தமிழில் ஆய்வுச் சுருக்கம். யாரைப் பற்றி ஆராய்கிறோமோ அவர்களுடைய மொழியிலேயே சுருக்கம் இருக்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் கொள்கை. நல்ல கொள்கைதான். சோலையம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருமை தலைக்கேறி, கடிதத்தை 'நம்ம சொந்தம்' என்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டாள். முதல் பக்கம் மட்டும் போகிறது என்று நினைத்தாள். இரண்டும் ஒரே கோப்பாகப் போனது. தொண்ணூற்று மூன்று பேர், திறந்து பார்க்காமலே கைகூப்பும் படம் போட்டார்கள். திறந்து பார்த்தவன் ஒருத்தன்தான். சித்தப்பா மகன் ஜெயபாண்டி. பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறவன். அக்கா என்றால் உயிர்.

அந்த இரண்டாம் பக்கம்தான் இப்போது பன்னிரண்டு அடி முகத்துக்கு அடியில், ஊர் முகப்பில், வெயிலில் நின்றது.

அதில் அவள் எழுதியிருந்தது இது. மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிப்பு நிறுத்தப்பட்ட பதினோரு பெண்களிடம் பேசியதே இந்த ஆய்வு. மூன்றாவது வரியில், அவர்களில் ஒருத்தி மலர். அடைப்புக்குறிக்குள், பெயர் மாற்றப்பட்டுள்ளது. பத்தாம் வகுப்பில் 461 மதிப்பெண். பதினொன்றோடு நிறுத்தப்பட்டவள். தையல் வகுப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு டுடோரியலில் படிக்கிறாள். வரும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத இருக்கிறாள். இது அவளுடைய தந்தைக்குத் தெரியாது.

பெயரை மாற்றினாள், ஊர்ப் பெயரை எடுத்தாள். மார்க்கை மாற்றவில்லை. ஆராய்ச்சியில் எண்ணை மாற்றுவது பாவம் என்று முதுகலையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூரில் இருந்து படித்தால் அந்தக் கிராமம் எதுவாகவும் இருக்கலாம். அதே கிராமத்தின் வாசலில் அந்தத் தாளை நட்டு வைத்தால், கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஒத்தவேம்பட்டியில் 461 வாங்கியவள் ஒருத்திதான். காசிமாயன் மகள் சத்யப்ரியா.

காசிமாயன், சோலையம்மாளுக்குப் பெரியப்பா மகன். அண்ணன் முறை. கெட்டவன் இல்லை, ஊரில் கெட்டவன் என்று யாருமே இல்லை. மகளுக்குப் பதினெட்டு வயது நடக்கிறது, அவளுடைய தாய்மாமனுக்கு வைகாசியில் கட்டிக் கொடுக்கப் பேச்சு முடித்து வைத்திருக்கிறான். சத்யப்ரியாவின் கணக்கு வேறு. தேர்வு எழுதி, மார்க் கையில் வந்துவிட்டால், அதை வைத்து ஒரு நர்சிங் கல்லூரிக்காவது வாதாடலாம் என்று. தேர்வுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். முன்னாடியே தெரிந்தால் வைகாசி பங்குனியாகிவிடும். சோலையம்மாள் இதை ஊகித்துச் சொல்லவில்லை. அந்தப் பதினோரு பேரில் தமிழ்ச்செல்வி என்று ஒருத்தி. போன வருஷம் அவள் துணிப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த கல்லூரி விண்ணப்பத்தை அவள் அப்பா எடுத்துவிட்டார். ஒன்பதாம் நாள் கல்யாணம். சோலையம்மாள் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டாள். 'ஒன்பது நாட்கள்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஜெயபாண்டியைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னக்கா, பாத்தியா? எப்படி?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த எழுத்து எப்படி அங்கே வந்தது என்று கேட்டாள்.

"மூஞ்சிய மட்டும் போட்டா கட்சிக்காரன் ஃப்ளெக்ஸ் மாதிரி இருக்கும்க்கா. படிச்ச ஆளுக்கு எழுத்து வேணும்ல. கீழ எடம் சும்மா கெடந்துச்சு. உன் லெட்டர்ல ரெண்டாம் பக்கம் தமிழா இருந்துச்சு, அப்படியே எறக்கச் சொல்லிட்டேன்."

"நீ படிச்சியா?"

"எடம் நெறஞ்சுச்சான்னு பாத்தேன்."

"கழட்டிரு, ஜெயபாண்டி."

அவள் என்ன கேட்கிறாள் என்பது அவளுக்கும் தெரியும். ஒத்தவேம்பட்டியில் ஏறிய ஃப்ளெக்ஸ், விசேஷம் முடியும்வரை இறங்கக்கூடாது. இறங்கினால் யாரையோ அவமானப்படுத்தியாயிற்று என்று அர்த்தம். அவசரம் என்றால் பழையது இறங்குகிற அதே நேரத்தில் புதியது ஏற வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் மேலத்தெருவின் ஃப்ளெக்ஸ் ஒன்று ஆடிக் காற்றில் கிழிந்தது. கீழத்தெருவில் நாலு பேருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் பதினைந்து நாள் பந்தோபஸ்து போட்டு எல்லாரையும் விசாரித்தது. கடைசிவரை காற்றின்மேல் யாரும் சந்தேகப்படவில்லை.

"பதினஞ்சு நாள்ல பாராட்டு விழா வச்சிருக்கோம்க்கா. அதுவரைக்கும் நிக்கும்" என்றான் ஜெயபாண்டி. அவனுடைய குரலில் வருத்தம் இருந்தது. அக்காவுக்குத் திருஷ்டி பயம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

நல்லகாமனிடம் ஊருக்குப் போய் வருவதாக மட்டும் சொன்னாள். முழுதும் சொல்ல வாய் வரவில்லை. பழங்காநத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது கேள்விகள் வரிசையாக வந்தன. போய் என்ன செய்யப் போகிறாள்? பிளேடால் கிழிக்க முடியுமா? கறுப்புப் பெயிண்ட்? மாசி மாதத்தில் மழை கேட்டால் எந்தச் சாமி தரும்? எதிரே மூன்று ஃப்ளெக்ஸ் நின்றன. ஒரு கல்யாணம், ஒரு கண்ணீர் அஞ்சலி, ஒரு பிறந்தநாள். இத்தனை வருஷம் இந்த வழியே போய் வந்தவள், அன்றைக்குத்தான் அவற்றின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். அஞ்சலியில் செத்தவருடைய பிறந்த வருஷம் செத்த வருஷத்துக்குப் பிறகு இருந்தது. ஒருத்தரும் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. ஃப்ளெக்ஸை யார் படிக்கிறார்கள்? படத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினாள். நாகமலை தாண்டுவதற்குள் அதுவும் கைநழுவிப் போயிற்று. முப்பது பேர் படிக்காமல் போகலாம். ஒருத்தன் படித்தால் போதுமே.

செக்கானூரணியில் ஜெயபாண்டி பைக்கோடு நின்றான். முகத்தில் காலையில் இருந்த குதூகலம் இல்லை.

"ஊர்ல ஒரு பிரச்சனைக்கா. காசிமாயண்ணே ஃப்ளெக்ஸுக்கு முன்னாடி நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்காரு."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டு வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா. பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்மாய்க்கரை ஓரமாக வண்டி போகையில், சத்யப்ரியா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாள் கண்ணுக்குள் வந்தது. உன் பெயர் எங்கேயும் வராது என்று சொல்லித்தான் வாங்கினாள். வரவில்லைதான்.

ஊர் முகப்பில் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றார்கள். அவர்களுக்கு மேலே, வெளுத்த கன்னத்தோடு பன்னிரண்டு அடிச் சோலையம்மாள், எதற்கும் அஞ்சாதவளாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தேகால் அடிச் சோலையம்மாள் பைக்கிலிருந்து இறங்கியபோது செருப்பு ஒன்று கழன்றது. அதை மாட்டிக்கொள்ளக் குனிந்தவள், நிமிர மனமில்லாமல் கொஞ்சம் தாமதித்தாள்.

"வா தாயி" என்றான் காசிமாயன். ஆறடி ஆள், நரைத்த முறுக்கு மீசை, தோளில் துண்டு. "வந்து பாரு, உன் தம்பி செஞ்சு வச்சிருக்க காரியத்த."

அவனுடைய விரல் ஃப்ளெக்ஸின் அடியிலிருந்த எழுத்தை நோக்கிப் போனது. விரல் எழுத்தைத் தாண்டி, ஓரத்தில் கைகூப்பி நின்ற ஆறு பேரிடம் போய் நின்றது.

"ஆறு பேரு நிக்கிறான். சுருளி நிக்கிறான். அழகுபாண்டி நிக்கிறான், அவென் உனக்கு எத்தன தலக்கட்டு தள்ளிச் சொந்தம்னு அவனுக்கே தெரியாது. கூடப்பொறந்த மாதிரி இருக்க நான் எங்க?"

பின்னால் நின்ற இன்னும் நாலைந்து அண்ணன்மாரும் அதையே கேட்டார்கள். ஒருவர், தன் படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, தன் எதிராளி படம் ஏன் இருக்கிறது என்று விளக்கம் வேண்டினார். சோலையம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அக்காவுக்கு அவமானம் தாங்கவில்லை என்று ஜெயபாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் விட்ட மூச்சு முழுதாக வெளியேறுவதற்குள் காசிமாயன் சொன்னான்: "ஆனா எழுத்து அருமை தாயி. கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன். சத்யாவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இம்புட்டையும் ஒரு எழுத்து விடாம வாசிச்சுச்சு."

"என்ன வாசிச்சா?" என்று சோலையம்மாள் கேட்டாள்.

நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகள் அடக்கமானவர்கள் என்று எழுதியிருக்கிறதாம். பெற்றவர்கள் பொறுப்பானவர்களாம். தையல், சமையல், ஆடு வளர்ப்பு எல்லாவற்றிலும் கெட்டிக்காரிகள் என்று பெங்களூர்க்காரனே மெச்சுகிறானாம். காசிமாயன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தன்கூட ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு மூன்று பெண்பிள்ளைகள் அந்தப் பக்கமாகப் போனார்கள். அவர்கள் மட்டும் அந்த எழுத்தை ஒரு பார்வை பார்த்து, சோலையம்மாளை ஒரு பார்வை பார்த்து, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூவரும் அந்தப் பதினோரு பேரில் அடக்கம்.

"வெயில் தாழக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து, நானே ஒருக்கா எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாக்கணும்" என்றான் காசிமாயன்.

அப்போது மணி பன்னிரண்டு.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் காசிமாயன் வீட்டுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி செல்லத்தாய், வாங்க மதினி என்று சொம்பை நீட்டிவிட்டு, படம் இல்லாத வருத்தத்தில் உங்க அண்ணன் காலையிலிருந்து சோறு தின்னவில்லை என்று புலம்பிக்கொண்டே ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனாள். சத்யப்ரியா சுவரோரம் உட்கார்ந்து, அளவு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தலையணை உறை கிடந்தது. எட்டு மாதத் தையல் வகுப்புக்கு அதுதான் சாட்சி. கடையில் வாங்கியது.

அத்தையைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"பேர மாத்திட்டா ஆச்சா அத்தே? நானூத்தி அறுவத்தொண்ணு இந்த ஊர்ல வேற யாரு வாங்குனா?"

மார்க்கை மாற்றக் கூடாது என்பது ஆராய்ச்சி விதி என்று சோலையம்மாள் ஆரம்பித்தாள். பாதியில் அவளுக்கே கூசியது.

"பெங்களூர்ல இருக்கவுங்க படிப்பாகன்னு சொன்னீக. கையெழுத்துப் போட்டேன். காலைல அப்பா தோள்ல கையப் போட்டுக் கூட்டிட்டுப் போயி, படி தாயின்னாரு. மூணாவது வரியில நான் நிக்கிறேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மார்பளவு, இடுப்பளவு என்று கட்டம் போட்ட பக்கத்தில், அடக்கம், பொறுப்பு, ஆடு வளர்ப்பு என்று வரிசையாக எழுதியிருந்தது. "என்ன வாசிச்சேன்னு எழுதி வச்சுக்கிட்டு இருக்கேன். மறுபடி வாசிக்கச் சொன்னா அதே மாதிரி வாசிக்கணும்ல. அப்பாவுக்கு ஞாபகம் சாஸ்தி."

சோலையம்மாள் தரையில் உட்கார்ந்தாள். பதினாறு வருஷ ஆராய்ச்சியில் அவள் பார்த்ததிலேயே துல்லியமான குறிப்பேடு அதுதான். ஃபெலோஷிப் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அப்படி எழுதினால் ஃப்ளெக்ஸ் இறங்கிவிடுமா என்று சத்யப்ரியா கேட்டாள். இறங்காது. வேண்டாம் என்று சொன்னவளுக்கும் பாராட்டு விழா நடத்துவார்கள்.

வெளியே சத்தம் கூடியது. யார் படம் பெரிது, யார் படம் சிறிது என்பதில் சுருளியும் சேர்ந்துகொண்டான். சத்யப்ரியா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"படம் வேணும்னு தானே எல்லாரும் கேக்குறாக" என்றாள். "போட்டுருங்க அத்தே. ஒருத்தர் விடாமப் போடுங்க. எழுத்து இருக்க எடத்துல போடுங்க."

சோலையம்மாள் தன் வாழ்க்கையில் ஆண்கள் கூட்டத்தின் நடுவே போய் நின்று சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். கல்லூரியில் பேசியிருக்கிறாள், அது மைக்கில். என் அண்ணன்மார் படம் இல்லாத ஃப்ளெக்ஸ் எனக்கு எதற்கு என்றாள். நான் ஊருக்குள் தலைநிமிர்ந்து வருவதா, குனிந்து வருவதா என்றாள். ஒரு படம் விட்டுப்போனாலும் பாராட்டு விழாவுக்கு வரமாட்டேன் என்றாள். கூட்டம் அசந்துபோய் நின்றது. படித்த பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயபாண்டிதான் இடைஞ்சல் செய்தான். "எடம் ஏதுக்கா?"

"எழுத்த எடுத்துரு."

"எழுத்து போனா நீ என்ன ஆராய்ச்சின்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்."

"அது எப்படி?" என்றான் காசிமாயன். அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "எழுத்து இருக்கட்டும் தாயி. நம்ம ஊரப் பத்தி ஒருத்தன் நாலு வார்த்த நல்லதா எழுதியிருக்கான். எம்புள்ள வாசிக்க வாசிக்க எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அத அழிக்கிறதா?"

மற்றவர்களும் அதுதானே என்றார்கள். சத்யப்ரியா கொஞ்சம் அதிகமாக நன்றாக வாசித்துவிட்டாள். வேப்பமரத்து நிழல் ஃப்ளெக்ஸின் காலடிக்கு வந்துவிட்டது. வெயில் சாயத் தொடங்கியாயிற்று. எதையாவது சொல்ல வேண்டும். பதினாறு வருஷம் படித்த கோட்பாடு எதுவும் கைகொடுக்கவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"இருக்கட்டும்ணே. எழுத்தும் இருந்து இம்புட்டுப் படமும் இருந்தா, உங்க படம் தபால் தலை அளவுக்குத்தான் வரும். பரவாயில்லையா?"

காசிமாயன் எழுத்தைப் பார்த்தான். அழகுபாண்டியின் படத்தைப் பார்த்தான். அது ஒன்றரை அடி இருந்தது. மீசையைத் தடவினான். அவன் மனசு இரண்டு பக்கமும் போய் வந்ததை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"ரெண்டடி வருமாடா?" என்று ஜெயபாண்டியைக் கேட்டான்.

நாலரை மணிக்குப் பரவையிலிருந்து லோடு ஆட்டோவில் புது ஃப்ளெக்ஸ் வந்தது. முறைப்படி பழையது இறங்கும்போதே புதியது ஏறியது. இருபத்து மூன்று ஆண்கள். பெண் கல்விக்காகத் தங்கை வாங்கிய சிறப்பைப் போற்றி, இருபத்து மூன்று பேரும் கைகூப்பி நின்றார்கள். இடம் போதாமல் சோலையம்மாளின் முகம் எட்டடியாகச் சுருங்கியிருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை. காசிமாயன் இரண்டடி. அவன் தள்ளி நின்றும் கிட்டே நின்றும் பார்த்து, கடைசியில் பழைய ஃப்ளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டான்.

"அது எதுக்குண்ணே?" என்றாள் சோலையம்மாள்.

"ஆட்டுக் கொட்டாய்க்கு மேல போட ஆகும்ல."

ஆகும். அந்த ஊரில் ஒரு ஃப்ளெக்ஸும் வீணாவதில்லை. குளியல் மறைப்பில் ஒரு கல்யாணம், வைக்கோல் போர்மேல் ஒரு பிறந்தநாள், கோழிக் கூட்டின்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி. கொண்டுபோகாதே என்று பிடுங்க முடியாது. சத்யப்ரியா அத்தையின் பக்கத்தில் வந்து, எழுத்து வானத்தைப் பார்க்கிற மாதிரி விரித்துவிடுகிறேன், காக்காய்க்கு மட்டும்தான் தெரியும் என்று காதோடு சொன்னாள். சொல்லிவிட்டு அப்பாவின் பின்னால் ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்தபோதுதான், அவளும் பயந்துதான் இருக்கிறாள் என்று சோலையம்மாளுக்கு உறைத்தது.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் புடலங்காய், ஜெயபாண்டி கொடுத்தது. நாகமலை நெருங்குகையில் போன் அடித்தது. காசிமாயன். அவன் அவளைப் போனில் கூப்பிட்டு மூன்று வருஷம் இருக்கும். அடித்து ஓயட்டும் என்று விட்டாள். மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"ஊரு போய்ச் சேந்துட்டியா தாயி?"

வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னாள்.

"கொட்டாய் போட்டாச்சு. சத்யா உன் படம் வெளிய தெரியற மாதிரி விரிச்சுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன். உன் மூஞ்சி வெயில்லயும் மழையிலயும் கெடந்தா நமக்குத்தானே மரியாதக் கொறவு. உள்பக்கமாத் திருப்பிப் போட்டுட்டேன்." ஆடுகள் கத்துவது கேட்டது. தூரத்தில் இல்லை, போனுக்குள்ளேயே நிற்பதுபோல் அத்தனை பக்கத்தில். "வெயிலும் தாந்துருச்சு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு இங்கனதான் கட்டில்ல படுத்திருக்கேன்."

சோலையம்மாள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"அந்தத் தையல் கிளாசு எப்பத் தாயி முடியுது?"

தையல் வகுப்பைப் பற்றி இன்றுவரை அவன் அவளிடம் பேசியதில்லை. அவளுக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்? தெரியாது என்று சொல்லலாம். ஆய்வில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதுதான் ஆராய்ச்சி விதி. அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தாள். சிரிப்பு இருக்கிறதா என்றும் பார்த்தாள். இரண்டும் அகப்படவில்லை. வெறும் குரல். முப்பது வருஷத்துக்கு முன் அப்பாவிடம் கேட்டுப் பழகிய மாதிரி ஒரு குரல்.

"இன்னும் நாப்பத்தி மூணு நாள் இருக்குண்ணே" என்றாள். தேர்வின் கடைசி நாளையும் சேர்த்து.

ஆடு ஒன்று நீளமாகக் கத்தி ஓய்ந்தது.

"சரி. அது முடியட்டும்" என்றான் காசிமாயன். "அப்பறம் நிறுத்திருவோம்."

போனை வைத்துவிட்டான். கண்டக்டர் பழங்காநத்தம் என்று இரண்டு தடவை கூவினார். இறங்க வேண்டியவள், போனைக் கையில் பிடித்தபடி, நாற்பத்து மூன்றிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.